சீரியலில் வரும் கேன்சரும் அத்தைக்கு வந்திருக்கும் கேன்சரும்

கேள்வி: டாக்டர், வணக்கம். என் மாமியாருக்கு 68 வயது. இரைப்பையில் கேன்சர், கல்லீரலுக்கும் பரவிவிட்டது, ஆபரேஷன் செய்து பலனில்லை என்று இரண்டு இடத்தில் சொல்லிவிட்டார்கள். இரண்டு கீமோ போட்டதிலேயே உடம்பு தாங்கவில்லை, நிறுத்தியாயிற்று. அவரிடம் 'வயிற்றில் புண்' என்றுதான் சொல்லியிருக்கிறோம். தெரிந்தால் அம்மா அன்றைக்கே படுத்துவிடுவார் என்று என் கணவரும் மஸ்கட்டில் இருக்கும் மூத்தாரும் பயப்படுகிறார்கள். அத்தை தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் பார்க்கும் சீரியலில் இப்போது கதாநாயகிக்கு பிளட் கேன்சர். வீட்டில் யாருக்கும் தெரியாமல் மறைக்கிறாள், இருமினால் கைக்குட்டையில் ரத்தம். போன வாரம் அதைப் பார்த்துக்கொண்டே அத்தை, "பொல்லாத நோவுடி இவளுக்கு வந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அந்தச் சேனலையே நிறுத்திவிடலாமா? அத்தைக்கும் கடைசியில் அப்படி ரத்தம் கக்குமா? இன்னொரு சின்ன சந்தேகம், கஞ்சியும் ஜூஸும்தான் கொடுக்கிறோம், அவர் வத்தக்குழம்பு கேட்கிறார். கொடுக்கலாமா? - ஒரு மருமகள், கும்பகோணம் பக்கம்.

பதில்:

சேனலை நிறுத்தாதீர்கள் சகோதரி. மற்றதெல்லாம் அப்புறம். "பொல்லாத நோவுடி" என்று உங்கள் அத்தை சொன்னது அந்தக் கதாநாயகியைப் பற்றி என்றா நினைக்கிறீர்கள்? சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பார்வைதான் கேள்வி. நீங்கள் எழுந்து போனதுதான் அவருக்குக் கிடைத்த பதில்.

குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. உங்கள் இடத்தில் யாராக இருந்தாலும் அடுப்படிக்குத்தான் போயிருப்பார்கள், நானே என் அப்பா விஷயத்தில் வாசலுக்குப் போய் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நின்றவன், இத்தனைக்கும் வேலையே இதுதான் எனக்கு. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வயிற்றுப் புண்ணுக்கு யாராவது முடி கொட்டும் ஊசி போடுவார்களா? அந்த வார்டில் பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்களோடு உங்கள் அத்தை பேசாமலா இருந்திருப்பார்? ஆஸ்பத்திரி வாசலில் எழுதியிருந்த பெயரைப் படிக்காமலா உள்ளே போயிருப்பார்? மஸ்கட்டிலிருந்து மாதம் ஒரு தடவை பேசுகிற பிள்ளை இப்போது தினமும் வீடியோ கால் போடுகிறான், ஊரில் பேசாதிருந்த சொந்தமெல்லாம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருகிறது. 68 வயதில், எத்தனையோ சாவைப் பார்த்த மனுஷி அவர். அவருக்குத் தெரியும். முழுக்கத் தெரியாவிட்டாலும் முக்கால்வாசி தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் நீங்களெல்லாம் உடைந்துவிடுவீர்கள் என்று அவர் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கவும் கூடும்.

ஏழெட்டு வருடம் இருக்கும், திருவையாறு பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். (விவரங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன்.) பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், நுரையீரலில் கேன்சர். அவருக்கும் 'சளி கட்டியிருக்கிறது' என்று சொல்லி வைத்திருந்தார்கள். நான் உள்ளே நுழையும் முன்பே அவர் மனைவி வாசலில் நிறுத்தி, "சார், ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்று கும்பிட்டார். உள்ளே அவர் ஈசி சேரில், எதிரே டிவியில் ஒரு சீரியல். நாடி பார்க்கிறேன், அவர் கண்ணை டிவியிலிருந்து எடுக்கவில்லை. "பாருங்க டாக்டர், அந்தப் புள்ளைக்கு மூணு மாசம்னு கெடு சொல்லிட்டாங்க" என்றார். நான் ம் என்றேன். விளம்பர இடைவேளை வந்தது. ரிமோட்டில் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "எனக்குத்தான் நீங்க யாரும் ஒண்ணும் சொல்லலை" என்றார். சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றது. "உங்களுக்கு என்ன தோணுதுண்ணே?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சவன் டாக்டர். யாரு எந்த ஸ்டாப்புல இறங்குவாங்கன்னு மூஞ்சியப் பாத்தே சொல்லுவேன்" என்றார்.

அவர் உடைந்து போகவில்லை, அன்றைக்கே படுக்கவும் இல்லை. மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார், இருவரும் அழுதார்கள், நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா எழுந்து காபி போட்டுக் கொண்டுவந்தார். அடுத்த வாரம் கார் வைத்துக்கொண்டு ஆடுதுறைக்குப் போய், பதினோரு வருடமாகப் பேசாதிருந்த தங்கையைப் பார்த்துவிட்டு வந்தார். தம்பி பேரில் கிடந்த பட்டாவை மாற்றினார். அதற்குப் பிறகும் ஐந்து மாதம் இருந்தார், சீரியலும் பார்த்தார்.

சரி, சீரியலுக்கு வருகிறேன். எனக்கு அவற்றின் மேல் பெரிய கோபம் ஒன்றும் இல்லை, என் வீட்டிலும் ஓடுகிறது. கீமோ எடுக்கிற பெண்ணுக்கு இடுப்பு வரை கூந்தல், ஐசியூவில் லிப்ஸ்டிக், ஊசியே குத்தாமல் கையில் பிளாஸ்டர் ஒட்டித் தொங்கும் குளுக்கோஸ் பாட்டில், எல்லாவற்றையும் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். நடிகை வேறு சீரியலுக்குப் போகிறார் என்றால் கதாபாத்திரத்துக்கு பிரெயின் டியூமர் வரும், மக்களுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டால் 'ரிப்போர்ட் மாறிப்போச்சு' என்று லேப்காரர் தலையில் போடுவார்கள். அதெல்லாம் தொழில். எனக்கு ஒத்துக்கொள்ள முடியாதது அந்த ரகசியம்தான். சீரியலில் கேன்சரை விட முக்கியம் கேன்சரை மறைப்பது. ரிப்போர்ட் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்க வேண்டும், கதவுக்குப் பின்னால் யாராவது நின்று ஒட்டுக்கேட்க வேண்டும், வில்லி அதை எடுத்து செல்போனில் படம் பிடிக்க வேண்டும். விஷயத்தைச் சொல்லிவிட்டால் கதை இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், சொல்லாமல் இருந்தால் தீபாவளி வரைக்கும் ஓட்டலாம். அவர்களுக்கு அது டிஆர்பி கணக்கு. ஆனால் வருஷக்கணக்காக அதைப் பார்த்துப் பார்த்து, மறைப்பதுதான் பாசம் என்று நம் வீடுகளிலும் பழகிவிட்டது. "அம்மாவுக்காகத்தான் டாக்டர் மறைக்கிறோம்" என்று என்னிடம் சொல்கிற பிள்ளைகளின் குரலில் சில சமயம் அந்தப் பின்னணி இசைகூட எனக்குக் கேட்கும்.

இன்னொரு வேடிக்கை. தமிழ்நாட்டுப் பெண்களுக்கு அதிகம் வருவது மார்பகப் புற்றுநோய், அடுத்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். நான் பார்த்தவரை சீரியல் கதாநாயகிகளுக்கு இந்த இரண்டும் வருவதே அபூர்வம், எப்போதும் பிளட் கேன்சர்தான், இல்லாவிட்டால் மூளையில் கட்டி. மார்பு, கர்ப்பப்பை என்ற வார்த்தைகளை எட்டு மணிக்கு நடுவீட்டில், மாமனார் உட்கார்ந்திருக்கும்போது சொல்ல முடியாது போலிருக்கிறது. இங்கிலாந்தில் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' என்று ஒரு சீரியல், 1960-ல் ஆரம்பித்தது, இன்னும் ஓடுகிறது. அதில் 2001-ல் ஆல்மா என்ற கதாபாத்திரம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்துபோகும். பரிசோதனைக்குப் போகாமல் தள்ளிப் போட்டவள் அவள், கதையில் அதையும் சொன்னார்கள். அடுத்த 19 வாரங்களில் இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் மட்டும் அந்தப் பரிசோதனைக்கு முந்தைய வருடத்தைவிட ஏறத்தாழ 14,000 பேர் கூடுதலாக வந்தார்கள். வந்தவர்களில் பலர் உடனே வரத் தேவையில்லாதவர்கள் என்றும் பிறகு கணக்குப் பார்த்துச் சொன்னார்கள், அது இருக்கட்டும். ஒரு சீரியலால் இவ்வளவு பேரை வீட்டை விட்டுக் கிளப்ப முடியும் என்றால், நம்மிடம் ஆறரை மணியிலிருந்து பத்தரை வரைக்கும் வரிசையாக அழுதுகொண்டிருப்பவர்களில் ஒருத்தியை வைத்து என்னென்ன செய்திருக்கலாம்! நீங்களும் முப்பதைத் தாண்டியவராகத்தான் இருப்பீர்கள். அத்தை விஷயம் ஒரு நிலைக்கு வந்ததும் அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனை ஒன்றைச் செய்துகொள்ளுங்கள், செலவில்லை.

ரத்தம் கக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயந்து பயந்து எழுதியிருப்பீர்கள் என்று தெரிகிறது, அதனால் மழுப்பாமல் சொல்கிறேன். இருமலில் கைக்குட்டை சிவப்பது சினிமா காலத்திலிருந்து வருகிற அடையாளம், உங்கள் அத்தையின் நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இரைப்பையில் இருக்கிற கட்டியிலிருந்து சிலருக்கு ரத்தம் கசியும். பெரும்பாலும் அது மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவதில் தெரியும், அசதி கூடும். வாந்தியில் காபித்தூள் மாதிரி வரலாம். நிறைய ரத்தமாக வாந்தி எடுப்பது சிலருக்கு நேரும், எல்லோருக்கும் அல்ல. கருநீலமோ மெரூனோ, அடர்ந்த நிறத்தில் இரண்டு துண்டு வாங்கிக் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியில் கொஞ்சம் ரத்தம் பட்டாலும் வெள்ளமாகத் தெரியும், பார்க்கிறவர்கள் பயந்து கத்தினால் நோயாளி அதைவிடப் பயந்துவிடுவார். அப்படி ஏதாவது நடந்தால் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள், போனைப் போடுங்கள். அந்த நேரத்துக்கென்று மருந்து முன்கூட்டியே வீட்டில் வைத்திருக்க முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.

டிவியில் காட்டாதவைதான் நிஜத்தில் அதிகம். பசியில்லாமை, நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்ட உணர்வு, மலச்சிக்கல், வாய்ப்புண், படுத்தே இருப்பதால் முதுகில் வருகிற புண், வயிற்றில் நீர் கோர்த்துக்கொள்வது, கண் மஞ்சளாவது. இதில் ஒன்றிலும் வசனத்துக்கு இடமில்லை, அதனால் சீரியலுக்கு ஆகாது. எங்களுக்கு வேலையே இதுதான்.

வலி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லாமலிருந்தால் நல்லது, வந்தால் மார்பின் என்ற வலி மருந்தின் பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். சீரியல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, "எங்க கையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போகிற இடத்தில்தான் எங்கள் வேலை ஆரம்பம். 10 மில்லிகிராம் மாத்திரை, சின்னது, விலையும் குறைவு. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்வார், உடன் மலமிளக்கியும் எழுதித் தருவார், அதை விடாமல் கொடுங்கள். 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல வருடம் இந்த மருந்து நோயாளிகளுக்கே கிடைக்காமல் இருந்தது, 2014-ல் சட்டத்தைத் திருத்தி வழியைச் சுலபமாக்கினார்கள். 'மார்பின் கொடுத்தால் முடிந்தது' என்று தெருவில் யாராவது சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மார்பின் சாப்பிட்டுக்கொண்டே மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை போட்டவர்களை எனக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைக்கென்று நர்ஸ் வீட்டுக்கே வருவார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தையின் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள், நாளைக்கே.

இன்னும் எத்தனை நாள் என்று நீங்கள் கேட்கவில்லை, உங்கள் கணவர் கேட்டிருப்பார். சீரியலில் டாக்டர்கள் 'மூணு மாசம்' என்றால் மூணு மாசம்தான், நாள்காட்டி பார்த்துச் சொல்வார்கள். நிஜத்தில் நாங்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள் இல்லை. சிகாகோவில் 468 நோயாளிகளைப் பற்றி டாக்டர்கள் சொன்ன கெடுவை ஒப்பிட்டுப் பார்த்து 2000-ல் ஓர் ஆய்வு வந்தது. ஐந்தில் ஒன்றுதான் கிட்டத்தட்ட சரி. பெரும்பாலும் கூடுதலாகவே சொல்லியிருந்தார்கள். அதனால் தேதி கேட்காதீர்கள். நாள் கணக்கா, வார கணக்கா, மாத கணக்கா என்று கேளுங்கள், அதற்குப் பதில் சொல்ல முடியும்.

மஸ்கட் மூத்தாருக்கு இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். ஏர்போர்ட்டிலிருந்து ஓடி வருகிற மகன், அதுவரை உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அம்மா, மடியில் தலை, முழுதாக நாலு நிமிட வசனம், வசனம் முடிந்ததும் தலை சாய்வது. இது நடக்காது சார். கடைசி இரண்டு மூன்று நாளில் அநேகம் பேர் தூங்கிக்கொண்டேதான் இருப்பார்கள். கை கால் சில்லென்று ஆகும், மூச்சு விட்டுவிட்டு வரும், தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும், அது பார்க்கிற நமக்குத்தான் வேதனை, அவர்களுக்குத் தெரிவதாக எங்களுக்குத் தோன்றவில்லை. அந்தச் சமயத்தில் பால் ஊற்றுகிறேன் என்று வாயில் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். பஞ்சை நனைத்து உதட்டில் தடவினால் போதும். டிரிப்ஸ் போட்டே ஆக வேண்டும் என்றும் பிடிவாதம் பிடிக்காதீர்கள், உடம்பு ஏற்காத நீர் வீக்கமாகவும் சளியாகவும்தான் போய்ச் சேரும். ஆகையால் லீவு போட்டு வருவதென்றால் மூத்தார் இப்போது வரட்டும், அம்மா உட்கார்ந்து பேசுகிறபோது, "ஏன்டா இப்படி இளைச்சுட்ட" என்று கேட்கிற தெம்பு இருக்கும்போது.

நெஞ்சை அமுக்கி ஷாக் கொடுத்து எழுப்புகிற காட்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க டிவி தொடர்களில் அப்படிச் செய்யப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் பிழைத்துவிடுகிறார்கள் என்று 1996-ல் ஒரு மருத்துவ இதழில் எண்ணிப் போட்டார்கள். கேன்சர் முற்றி உடம்பு தானாக ஓய்கிறபோது அதனால் விலா எலும்பு உடையும், வேறொன்றும் ஆகாது. ராத்திரி இரண்டு மணிக்குப் பதறிப்போய் ஆம்புலன்ஸில் ஏற்றி ஐசியூவில் சேர்ப்பதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்பதை அண்ணன் தம்பி இரண்டு பேரும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளட்டும். அத்தையையும் கேட்டால் இன்னும் நல்லது.

கேட்பது எப்படி என்பதுதானே உங்கள் கஷ்டம். உங்கள் கணவரிடம், "அம்மாகிட்ட சொல்லிடலாமா" என்று ஆரம்பிக்காதீர்கள், வேண்டாம் என்றுதான் சொல்வார். "அம்மா என்னைக் கேக்குறாங்க, நான் அவங்க மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லணுமா?" என்று கேளுங்கள். அவருக்கும் தூக்கம் வராமல்தான் இருக்கும். அவர் தலையாட்டிய பிறகு, எட்டு மணிக்குச் சீரியல் போடுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், கையில் வேலை எதையாவது வைத்துக்கொள்ளுங்கள், கீரை ஆய்வது பூ கட்டுவது மாதிரி. சும்மா உட்கார்ந்தால் இரண்டு பேருக்குமே பேச்சு வராது. அத்தை எதையாவது சொல்வார். "உங்களுக்கு என்ன தோணுது அத்தை?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மூடிக்கொள்வதுதான் கஷ்டம். "எனக்கும் அதுதானாடி?" என்று வந்தால், "சாதாரணப் புண் இல்லை அத்தை, கொஞ்சம் பெரிய வியாதிதான், வலி இல்லாம பாத்துக்குவோம், நாங்க எங்கயும் போகலை" என்ற அளவு போதும். மிச்சம் அவர் கேட்கக் கேட்க. "அதெல்லாம் எனக்கு எதுக்கு, பையன் பாத்துக்குவான்" என்று அவர் சொன்னால் அதுவும் பதில்தான், வலியப் போய்ச் சொல்ல வேண்டாம். அழுதால் அழட்டும், நீங்களும் அழுங்கள், இந்தத் தடவை அடுப்படிக்குப் போகாமல்.

வத்தக்குழம்பு கொடுங்கள். இந்தக் கட்டத்தில் பத்தியம் என்று ஒன்றும் கிடையாது. மிளகாயைக் குறைத்து, நல்லெண்ணெய் தாராளமாக விட்டுச் சுண்டைவத்தல் குழம்பாக வையுங்கள், சோற்றைக் குழைய வடித்து ஒரு சின்னக் கிண்ணத்தில் பிசைந்து கொடுங்கள், பெரிய தட்டைப் பார்த்தாலே வயிறு நிறைந்துவிடும். நாலு வாய்க்கு மேல் இறங்காது, போதும் என்றால் விட்டுவிடுங்கள், இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சாதீர்கள். சாப்பிட்டதெல்லாம் விடாமல் வாந்தியாக வந்தால் மட்டும் டாக்டருக்குச் சொல்லுங்கள். அப்பளம் சுடுவதா பொரிப்பதா என்று அத்தையையே கேட்டுக்கொள்ளுங்கள், அந்த விஷயத்தில் எனக்குத் தஞ்சாவூர்க்காரர்களோடு சண்டை போடத் தெம்பில்லை.